எஞ்சினுக்குப் பிடித்த வாயு

சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் எங்கள் காருக்கு உடம்பு சரியில்லை என்பது வெளியே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. கியரை எடுத்துவிட்டு நின்றால் போதும், குளிர்காய்ச்சல் கண்டவன் போல் நடுங்க ஆரம்பித்துவிடும். பின் கண்ணாடி அதிரும். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் வேண்டாம் வேண்டாம் என்பது போல் தலையாட்டுவார். என் மகன் புதிதாகப் பொருத்தியிருந்த மீட்டரில் ஊசி ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் இடையே ஏறி இறங்கும். அப்புறம் ஒரு பெருமூச்சு, எஞ்சின் நின்றுவிடும். பின்னால் நிற்கும் செம்பனை லாரிக்காரன் ஹாரனை அழுத்துவான்.

கார், புரோட்டோன் சாகா இஸ்வாரா, 1.3. இன்றைய பிள்ளைகளுக்கு அது பழைய இரும்பு. என் வயதுக்காரர்களுக்கு அப்படி இல்லை. 1985 ஜூலை 9ஆம் தேதி பிரதமர் மகாதீர் முதல் சாகாவை அறிமுகப்படுத்தியபோது நான் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உடம்பு மிட்சுபிஷி லான்சருடையது, எஞ்சினும் மிட்சுபிஷிதான். ஆனாலும் பெயர்ப்பலகை நம்முடையது. எங்கள் கிராணி ஒரு சாகாவை வாங்கிக்கொண்டு வந்து லயத்துக்கு முன்னால் நிறுத்திய மாலை, பெரட்டுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. 1992இல் அதன் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றி இஸ்வாரா என்று விட்டார்கள். அப்படி ஓர் இஸ்வாராவை, இரண்டு கை மாறியதை, நான் 2004இல் வாங்கினேன். மூத்த மகளின் திருமணத்துக்குப் பெண்ணழைப்பு அதில்தான். என் அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

லாயாங் லாயாங்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, செம்பனைக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம். மலாயில் அந்தப் பெயருக்குப் பட்டம் என்று பொருள். இங்கே கார் இல்லாதவன் பாதி மனிதன். என் மனைவிக்குச் சர்க்கரை. கண்ணுக்கும் காலுக்குமாகக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். என் சின்ன மகனுக்கு செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பேருக்கும் அந்த ஒரே கார்.

வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம் அவன் காரைத் ‘திருத்த’ ஆரம்பித்தான். முதலில் கார்புரேட்டருக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்த வட்டமான காற்றுச் சட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்பு நிறத்தில் காளான் போல் ஓர் ஓப்பன் ஃபில்டரை மாட்டினான். அடுத்த சம்பளத்தில் எக்ஸ்ட்ராக்டர். அதற்கடுத்த சம்பளத்தில் பின்னால் ஒரு பெரிய எக்ஸோஸ். சாலைப் போக்குவரத்து இலாகாக்காரர்கள் பார்த்தால் சம்மன் கொடுப்பார்கள் என்று சொன்னேன். “பகல்ல மெதுவா ஓட்டுறேன்பா” என்றான். இது ஒரு பதிலா?

கார் நடுங்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். நான் கேட்டபோது அவனுடைய கூட்டாளி ஒருவன் விளக்கம் சொன்னான்.

“அங்கிள், அது கேம் சவுண்டு. ரேஸ் காடியெல்லாம் அப்படித்தான் இருக்கும்.”

“கேம் மாத்தினீங்களாடா?”

“இன்னும் இல்ல.”

மாற்றாத கேம் ஷாஃப்டுக்கு எங்கிருந்து சத்தம் வரும்? ஓட்டப்பந்தயக் கேம் போட்ட எஞ்சின் நின்றபடி குதிப்பது உண்மைதான். அதில் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் கூடுதல் நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். மெதுவாகச் சுற்றும்போது எரிந்த புகை திரும்பி உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும். வேகம் பிடித்தால் சரியாகிவிடும். அது தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் குறை. எங்கள் காருக்கு வந்தது அது இல்லை. எங்களுடையது வெறும் நோய்.

நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து வாங்கினார்கள். நான்கு பிளக்குகளை மாற்றினார்கள். பிளக் வயர் மாற்றினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெட்ரோல் பம்பு, ஃபில்டர். கடைசியில் பழைய கார் வெட்டும் கடையிலிருந்து இன்னொரு கார்புரேட்டரே வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நாள் நன்றாக ஓடியது போல் இருக்கும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. எதை மாற்றினால் சரியாகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றை மாற்றிவிட்டு மாலையில் குழம்பிப்போய் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கிடையில், நின்றுபோகாமல் இருக்க மகன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். ஐட்லிங் ஸ்குருவைத் திருகித் திருகி ஆயிரத்து முந்நூறு சுற்றில் வைத்தான். எண்ணூறு வாக்கில் ஓட வேண்டிய எஞ்சின் அது. கார் நின்றுபோவது குறைந்தது. ஆனால் கிளட்சை விட்டதும் முயல் மாதிரி துள்ளும். பெட்ரோல் குடிக்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. அந்த ஸ்குருவை அவ்வளவு திறந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் கலவை ஸ்குரு செத்துவிடும். அதை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் எஞ்சின் கேட்காது. பெட்ரோல் வேறு வழியாக வர ஆரம்பித்திருக்கும். நான் டிராக்டரும் லாரியும் ஓட்டிப் பழகியவன், இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கிட்டே போகவில்லை. கோபம். ‘நீயே கெடுத்தாய், நீயே பார்’ என்கிற கோபம்.

அந்தக் கோபத்தின் விலை ஒரு புதன்கிழமை காலையில் தெரிந்தது.

மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரி நாள். மகன் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான், நான் ஓட்டினேன். ரெங்கம் தாண்டும் வரைக்கும் பேச்சுக்கு இடமில்லாமல் ஓடியது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. பெரிய சாலையில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கம். பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றது. நின்ற கையோடு பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. மிதிக்கிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. எதிரே வலப்பக்கமிருந்து பழக்குலை ஏற்றிய லாரி. இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து எழுந்து நிற்காத குறையாக அழுத்தி, கை பிரேக்கையும் இழுத்தேன். வெள்ளைக்கோட்டைத் தாண்டி முன்சக்கரங்கள் சாலைக்குள் போன பிறகு கார் நின்றது. லாரிக்காரன் ஒதுங்கிப் போனான். அவன் நல்ல ஓட்டுநர். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த சோற்றுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னங்க, எஞ்சின போடுங்க, எட்டரைக்கு நம்பர் எடுக்கணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் மகன் ஒட்டுக்கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். நான் அங்கேயே போய், தே தாரே குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் பேசினேன். ‘சம்பாதிக்கிற திமிர்’ என்றேன். ‘அம்மாவைக் கொல்லப் பார்த்தாய்’ என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பத்து நாள் என்னோடு பேசவில்லை. கார் வாசலில் நின்றது. அவன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் செனாய்க்குப் போய்வந்தான். அந்தச் சாலையில் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் என்றால் பெற்றவளுக்குத் தூக்கம் வருமா? ஒரு பயத்தை ஒழிக்கப் போய் இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கம்போங் பாருவில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்து லாரிகளுக்கெல்லாம் அவர்தான் போமென். இப்போது ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார். வீட்டு வாசலில் கோழி வளர்க்கிறார். நாங்கள் அவரை ஆப்பேக் என்றுதான் கூப்பிடுவோம், அவர் என்னை ‘அண்ணே’ என்பார். அவரிடம் போய் மலாயில் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கோழிக்குத் தீனி போட்டார்.

“சூடானா சாகுதா, குளிரா இருக்கும்போதா?”

“சூடானாத்தான்.”

“பிரேக் மிதிக்கும்போதா?”

“அப்பத்தான் அதிகம்.”

“மாசோக் ஆங்கின்” என்றார்.

நம் ஊரில் வயிறு உப்பினால், தலை சுற்றினால், பனியில் நனைந்து உடம்பு வலித்தால், எல்லாவற்றுக்கும் மலாய்க்காரர்கள் சொல்லும் நோய் அது. காற்று உள்ளே போய்விட்டது. நம் கிழவிகள் வாயு பிடித்துக்கொண்டது என்பார்களே, அதேதான். ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எஞ்சினுக்குள் போகக்கூடாத வழியில் காற்று போகிறது என்கிறார்.

எஞ்சின் ஒரு பெரிய காற்றுப் பம்பு. பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் காற்றை உறிஞ்சும். நாம் ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். அந்த உறிஞ்சும் விசையைத்தான் கார் பல வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு சின்னக் குழாய் போகும். பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த குழாய் போகும். இந்தக் குழாய்களில் எங்காவது ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று கார்புரேட்டரைக் கேட்காமல் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடும். பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு இருக்க வேண்டும். பின்வாசல் காற்று சேர்ந்தால் கலவை நீர்த்துப்போகும், சரியாகப் பற்றாது, எஞ்சின் நடுங்கும். வேகமாக ஓடும்போது ஏன் தெரிவதில்லை? அப்போது முன்வாசல் அகலத் திறந்திருக்கிறது. ஆற்றில் ஒரு குடம் தண்ணீர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? குட்டையில் ஊற்றினால்தான் தெரியும்.

குளிராக இருக்கும்போது நன்றாக இருந்ததற்கும் இதில் விடை உண்டு. காலையில் சோக் வேலை செய்து பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். அது ஓட்டையின் குறையை மறைத்துவிடும். சூடேறியதும் சோக் விலகும், ரப்பரும் இளகி ஓட்டை பெரிதாகும்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். “அந்தப் பையனையும் கூட்டிட்டு வா. கழற்றினது அவன்தானே” என்றார். நான் வீட்டில் வந்து மகனிடம் நேராகச் சொல்லாமல், அவன் காதில் விழும்படி மனைவியிடம் சொன்னேன். ஞாயிறு காலை அவன் குளித்துவிட்டுச் சாவியோடு நின்றான்.

ஆப்பேக் முதலில் எதையும் கழற்றவில்லை. பழைய தகரப்பெட்டியிலிருந்து வட்டமான மீட்டர் ஒன்றை எடுத்தார். வெற்றிடத்தை அளப்பது. மேனிஃபோல்டில் ஒரு குழாயை எடுத்துவிட்டு அதில் மாட்டினார். நல்ல எஞ்சினில் ஊசி 18க்கும் 20 அங்குலத்துக்கும் இடையில் ஆடாமல் நிற்கும். எங்களுடையது 13இல் தள்ளாடியது. மகன் முதல்முறையாகக் குனிந்து பார்த்தான்.

“இவ்ளோ சின்ன சாமான் இது. நான் எறநூறு வெள்ளிக்குச் சாமான் மாத்தினேன்” என்று முணுமுணுத்தான். உண்மையில் அதற்கும் மேலே செலவழித்திருந்தான்.

எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, கைநீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை அங்குமிங்கும் நகர்த்தினார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பாரே, அப்படி. பிறகு மகனிடம் கொடுத்தார். மகன் கேட்டான். மேனிஃபோல்டின் மூலையில் ஓரிடத்தில் பாம்பு சீறுவது போல் சத்தம். காற்றுச் சட்டியைக் கழற்றியபோது மூன்று நான்கு குழாய்கள் அனாதையாகியிருந்தன. அவற்றில் சிலவற்றை அவர்கள் சின்ன ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். அதில் ஒரு மூடி சூட்டில் வெடித்திருந்தது. முதல் காற்று.

அடுத்து, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டி. கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிலும் மெல்லத் தெளித்தார். பின்பக்கம் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் ஒரு கணம் மாறியது. தண்ணீர் ஓட்டையை அடைக்கும்போது அப்படித்தான் மாறும். (சில இளைஞர்கள் இதற்குக் கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை அடிக்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் அது தீப்பற்றும். தண்ணீரே போதும்.) வெட்டுக் கடைக் கார்புரேட்டரை மாட்டியபோது பழைய கேஸ்கெட்டையே வைத்து, ஒரு பக்கம் அதிகமாக இறுக்கியிருந்தார்கள். இரண்டாவது காற்று. பழைய கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை என்பதால் அதையே கழுவி, புது கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மாட்டினோம். இதற்கு மட்டும் மதியம் ஆகிவிட்டது. ஆப்பேக்கின் மனைவி மீகூன் பிரட்டிக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே தட்டில் கைவைக்காத குறைதான். ஆனால் என் மகன் இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை. ‘ஆப்பேக், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் அப்பாகிட்ட இருக்கு’ என்று அவர் மூலம் கேட்டான்.

எஞ்சினைப் போட்டோம். ஊசி 16. நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் ஆப்பேக். மூக்கு நீண்ட இடுக்கியின் முனைகளில் துணி சுற்றி, எஞ்சினிலிருந்து போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை நசுக்கினார். எஞ்சின் சட்டென்று அடங்கியது. பிள்ளையார் தலையாட்டுவதை நிறுத்தினார். இடுக்கியை விட்டார், மறுபடி நடுக்கம். பிடித்தார், அமைதி.

எனக்கு முதுகில் வேர்த்தது. அன்று பெடல் கல்லானது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பிரேக்கை மிதிக்க நம் காலுக்கு உதவுவது அந்த வெற்றிடம்தான். எஞ்சின் நின்றுபோனாலும் ஒன்றிரண்டு மிதிக்குப் போதுமான வெற்றிடம் பூஸ்டரில் தங்கியிருக்க வேண்டும். திரும்பி ஓடாமல் இருக்க அந்தக் குழாயில் ஒரு ஒருவழி வால்வு உண்டு. எங்கள் ஓட்டை அந்த வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில். எஞ்சின் நின்ற கணமே சேமிப்பும் காலி.

ஆப்பேக் குழாயைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப். உரித்தார். டேப்புக்குள்ளே சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அதன் மேலே இரண்டு இடத்தில் செப்புக்கம்பியால் முடிச்சு. டியூப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு.

“சியாப்பா புஞ்ஞா கெர்ஜா இனி?” என்று சிரித்தார். யார் வேலை இது?

அது என் வேலை. 2011ஆம் ஆண்டு, மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால். அந்தக் குழாய் வெடித்தது. புதுக்குழாய் வாங்கப் பணம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, வேறு எதற்கோ எடுத்து வைத்திருந்தேன். தோட்டத்து டிராக்டரில் செய்வது போல டியூபைச் சுற்றிக் கம்பி கட்டி டேப் போட்டேன். கல்யாணம் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன். மேலே உட்கார்ந்திருந்த காற்றுச் சட்டி அந்தக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக. மகன் சட்டியை எடுத்ததும் குழாய் தொங்கியது, கட்டு வாய் திறந்தது. அவன் சட்டியை எடுக்காமலே இருந்திருந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் திறந்திருக்கும்.

நான் பதில் சொல்லவில்லை. ஒட்டுக்கடையில் அத்தனை பேர் முன்னால் வாய் திறந்தவன், கோழிகள் மட்டும் இருந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

“முந்தி வச்சிருந்தவன் செஞ்சிருப்பான், ஆப்பேக். ரெண்டு கை மாறின காடி இது” என்றான் மகன்.

ஆப்பேக் என்னை ஒரு பார்வை பார்த்தார். குழாயைத் தூக்கித் தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார்.

புதுக்குழாய் குளுவாங்கில் கிடைத்தது, மறுநாள் மாட்டினோம். விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், இரண்டு பேர் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் பசியாறும் காசுதான். ஊசி 19இல் நின்றது, ஆடவில்லை. ஐட்லிங் ஸ்குருவைக் குறைத்துக்கொண்டே வந்து எண்ணூறில் நிறுத்தினோம். செத்துக் கிடந்த கலவை ஸ்குருவுக்கு உயிர் வந்தது. உள்ளே திருகினால் எஞ்சின் தடுமாறியது, வெளியே திருகினால் எழுந்தது. எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஒரு மயிரிழை உள்ளே. அதை மட்டும் ஆப்பேக் மகனையே செய்ய வைத்தார். நான்கு முறை தப்பாகச் செய்தான்.

ஓப்பன் ஃபில்டரை எடுத்துவிட முடிவு செய்தது அவனேதான். எஞ்சின் சூட்டிலேயே கிடந்து வெந்த காற்றை உறிஞ்சுவதில் என்ன வேகம் கிடைத்துவிடும் என்று ஆப்பேக் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. பழைய சட்டியைத் தேடினால், அதன் மூடியில் என் மனைவி மோர் மிளகாய் காயவைத்திருந்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துத்தான் மாட்டினோம். எக்ஸ்ட்ராக்டர் அப்படியே இருக்கிறது. அதன்மேல் குற்றம் இல்லை. நானும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பெரிய எக்ஸோஸை மட்டும் விற்றுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆப்பேக் வீட்டிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். பூஸ்டர் குழாயின் வாயை மரக்கட்டையால் அடைத்திருந்ததால் பிரேக்குக்கு உதவி இல்லை. கம்போங் சாலையில் மாட்டு வண்டி வேகத்தில்தான் வந்தோம். ரயில் நிலையம் வரை யாரும் பேசவில்லை.

“அந்தக் குழாய் கட்டினது நான்தான்டா” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்பா.”

“எப்படி?”

“கம்பி முடிச்சு. நம்ம வீட்டுக் கோழிக்கூண்டுல, பின்னாடி வேலியில, அம்மாவோட கொடியில, எல்லா இடத்திலயும் அதே முடிச்சுதான். ஒரு சுத்து கூட சுத்தி உள்ளே மடக்குவீங்க.”

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து மனைவி எட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை கால் டாக்டரைப் பார்க்கணும், கார் வருமா வராதா என்று கேட்டாள். “வரும்மா” என்றான் அவன். “நான் லீவு போட்டுட்டு ஓட்டுறேன். அப்பா பின்னாடி உட்காரட்டும்.”